மவுஸைத் தொட்டால் கேக்

டென்மார்க்கின் ரான்டர்ஸ் ஊர் நூலகத்தின் பின்னறையில் வியாழன்தோறும் கூடும் லினக்ஸ் கணினிக் கோஷ்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான்: சொதப்பியவன் அடுத்த வாரம் கேக் கொண்டுவர வேண்டும். அஸ்கர் இதுவரை ஒரு துண்டுகூடக் கொண்டுவந்ததில்லை. தின்றதற்குக் குறைவில்லை.

அவன் மவுஸைத் தொடாத ஆசாமி. அவன் திரையில் ஐகான் கிடையாது, மெனு கிடையாது, மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறிகூடக் கிடையாது. விசையைத் தட்டினால் ஜன்னல்கள் தரை ஓடு பதித்ததுபோல் தாமே வரிசையில் வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களின் டெஸ்க்டாப்பையெல்லாம் அவன் நடைவண்டி என்பான்.

பூக்கடை நடத்தி ஓய்வுபெற்ற பெண்மணி வீபெகே போன மாதம் ஒரு பழைய லேப்டாப்போடு வந்தார். "சாதாரணமா ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி, போதும்" என்றார். "நடைவண்டி எதுக்கு? நீங்க ஓடவே செய்யலாம்" என்று சொல்லி, அஸ்கர் தன் வித்தையையே அதில் ஏற்றிக் கொடுத்தான்.

இன்று அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கிரீன்லாந்துல, நூக்ல இருக்கிற என் மக படம் அனுப்பறா. திறக்கத் தெரியுது, மூடத் தெரியல. இன்னொண்ணைத் திறந்தா முதல் படம் பாதியாகுது. கடைசியில பேத்தி ரிப்பன் மாதிரி நிக்கறா. அதனால வயரைப் பிடுங்கிடறேன்."

"பேட்டரி இருக்குமே?" என்றான் பிரெபென், அஸ்கரின் பழைய சிநேகிதன்.

"அதையும்தான்." சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். "தப்பு மெஷின்ல இல்ல. எனக்குத்தான் மண்டையில ஏறல. யாருக்காவது குடுத்துட்டு விட்டுடலாம்னு பாக்கறேன்."

"அதெல்லாம் ரொம்ப சுலபம். சுவத்துல பெரிசாக் காட்டறேன், பாருங்க" என்ற அஸ்கர், புரொஜெக்டரின் வயரைச் செருகித் தன் லேப்டாப்பைத் திறந்தான்.

சுவரில் ஒரு புல்வெளி விரிந்தது. அதன்மேல் கொழுத்த ஐகான்கள். கீழே மெனு பொத்தான், மூலையில் குப்பைத்தொட்டி. ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்த ஜன்னல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பெருக்கல் குறி. சாட்சாத் நடைவண்டி.

போன குளிர்காலத்தில், ஒரே ஒரு நாளைக்கு என்றுதான் அதைப் போட்டான். வியாழக்கிழமைகளில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மறக்காமல் பழைய வித்தைக்கு மாறிவிடுவான். இன்று மழை, பஸ், அவசரம்.

"இது... என் மனைவி போட்டு வெச்சது. அவளுக்கு இதெல்லாம் புரியாது" என்றான்.

அஸ்கருக்கு மனைவி இல்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. பிரெபென் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன்போல் குனிந்துகொண்டான்.

வீபெகேயின் முகம் மலர்ந்தது. "அப்போ நான் மட்டும் மக்கு இல்ல. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க தம்பி. நாங்க ரெண்டு மக்கும் ஒரு ஓரமா உக்காந்துக்கறோம்."

அஸ்கரின் காதுமடல் எரிந்தது. சிரித்து மழுப்பலாம், கோஷ்டி காட்டிக்கொடுக்காது. அவர்களின் அந்த நல்ல குணம்தான் தாங்கமுடியவில்லை.

"எனக்கு மனைவி இல்லைங்க" என்றான் மெல்ல. "இது என்னோடதுதான். வீட்டுல நான் இதைத்தான் வெச்சிருக்கேன். அந்த இன்னொண்ணு எனக்கும் அலுத்துப் போச்சு."

வீபெகே அவனைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்போ எனக்கு ஏன் தம்பி அதைப் போட்டீங்க?"

அஸ்கர் தன் பையின் அடியில் துழாவி, இடது பொத்தான் தேய்ந்து மின்னும் ஒரு மவுஸை எடுத்து அவர் முன்னால் வைத்தான். பிறகு அவர் லேப்டாப்பை இழுத்து, அவர் முதலில் கேட்ட அந்தச் சாதாரணமான ஒன்றை ஏற்றத் தொடங்கினான்.

"கேக் ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டான் பிரெபென், தலை தூக்காமலே. "மவுஸுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு?"

"ரெண்டு."

வேலை முடிந்தது. வீபெகே பேத்தியின் படத்தைத் திறந்தார். குழந்தை முழுசாக, கொழுகொழு கன்னத்தோடு இருந்தாள். மூலையிலிருந்த பெருக்கல் குறியைச் சொடுக்கினார், மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். படம் பார்க்க அல்ல, மூடிப் பார்க்க.

அஸ்கர் வயரைச் சுருட்டுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.