நீல மூலையின் வலது கை

மதியம் மூன்று மணி இருக்கும். நீல மூலையில் குத்துச்சண்டை போடப்போகிற பையன் தன் வலது கையை என் உள்ளங்கையில் வைத்தான். கட்டுத்துணிக்கு மேலாக, சுண்டுவிரல் முட்டியிலிருந்து மணிக்கட்டு வரை, வழக்கம்போல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அந்தக் கை வாளியில் போட்ட மீன் மாதிரி துள்ளியது. சத்தம் எதுவும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையில் தொங்கும் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகத்துக்கு இன்னொரு முறை அழுத்தினேன். இந்த முறை அவன் கழுத்து நரம்பு புடைத்தது. துணிக்கு அடியில், சுண்டுவிரல் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே குத்தப் பழகிவிடுவார்கள் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் பாதி உண்மை. கரும்புக் காட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கிற தகரக் கூடத்தில் பத்து வருடமாக என் தம்பி டெல்ஃபினின் கைக்குத் துணி சுற்றியவள் நான். எந்த எலும்பு எங்கே இருக்கும், எது போனால் எப்படி வீங்கும் என்பதை என் விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியின் குத்துச்சண்டை எங்கள் தீவுக்கு வந்தபோது, பள்ளியில் விளையாட்டு டீச்சரான என்னைக் கையுறை மேசையில் உட்காரவைத்தார்கள். கட்டுத்துணியைச் சோதிக்க வேண்டும், அதன்மேல் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும், கையுறையை மாட்டிப் பட்டையை ஒட்ட வேண்டும். கையுறை போட்டியாளர்களுடையதல்ல, போட்டியுடையது. ஒருவன் சண்டை முடித்துக் கழற்றியதும் மேசைக்குத் திரும்பிவரும், துடைத்து அடுத்தவனுக்கு மாட்டுவோம். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கினால் போதும். பத்தடி தள்ளி டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

நான் தூக்கவில்லை. தூக்காததற்குக் காரணம் எதிர் நாற்காலியில் இருந்தது. அன்றைக்குச் சிவப்பு மூலையில் டெல்ஃபின். ஐம்பத்தேழு கிலோ, காலிறுதி. தம்பியின் கையை அக்கா சோதிக்கக் கூடாது என்று நானே முறையாகச் சொல்லிவிட்டேன். அதனால் சிவப்புப் பக்கம் வயதான செவெரினோவுக்கு, நீலப் பக்கம் எனக்கு என்று பிரித்தார்கள். நியாயமாக நடந்துகொண்டேன் என்று அதுவரை எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலிறுதியில் ஜெயித்தால் வெண்கலமாவது நிச்சயம், ஏனென்றால் அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே பதக்கம் உண்டு. டெல்ஃபினுக்கு இருபத்தெட்டு வயது. இதற்கு முன் இரண்டு போட்டிகளில் இதே படியில் சறுக்கியிருக்கிறான். பதக்கம் வந்தால் கடற்படை அணியில் இடம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். வராவிட்டால் கரும்பு லாரிதான். அன்று காலை எடை பார்த்துவிட்டு வந்து, இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சொன்னான், எங்கள் ஊரில் அக்காவை மானாங் என்றுதான் கூப்பிடுவார்கள்:

"மானாங், இன்னிக்கு விட்டா அப்புறம் எனக்குச் சண்டையே இல்ல. நீ நீலப் பக்கம் இருந்தாலும் மனசு சிவப்புப் பக்கம் இருக்கட்டும்."

"மனசுக்கெல்லாம் கலர் இல்லடா, போய் வாயத் தொடச்சுக்கோ" என்றேன்.

இப்போது நான் ஒரு கையைத் தூக்கினால் போதும். டாக்டர் வருவார், கட்டை அவிழ்ப்பார், சண்டை ரத்தாகும். ஒரு குத்துகூட வாங்காமல் என் தம்பிக்குப் பதக்கம் வந்துவிடும். சட்டமும் என் பக்கம், ஊரும் என் பக்கம். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நான் கையைத் தூக்குவது இந்தப் பையனின் எலும்புக்காகவா, டெல்ஃபினின் பதக்கத்துக்காகவா? எனக்கே தெரியவில்லை. எதிரில் டெல்ஃபின் இல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால் யோசிக்காமல் தூக்கியிருப்பேன்.

பையனின் அட்டையைப் பார்த்தேன். அபிலியோ, திமோர்-லெஸ்தே, இருபத்தொரு வயது. சின்ன நாடு, குட்டி அணி. முந்தாநாள் சண்டையில்தான் கை போயிருக்க வேண்டும். காலையில் டாக்டரிடம் எப்படித் தப்பினானோ. பக்கத்தில் நின்ற அவன் கோச் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியும். அபிலியோ குனிந்து, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையை ஒன்றாகத் திரட்டினான்.

"டாக்டர் வேணாம், சிஸ்டர். ப்ளீஸ்."

பக்கத்திலிருந்து செவெரினோ எட்டிப் பார்த்தார். "என்ன லியோனோர், பேனா அப்படியே நிக்குது? சண்டை போடப்போறது நீயா, உன் தம்பியா?"

"மை வரல" என்றேன். பேனாவை உதறிவிட்டுக் கட்டின்மேல் கையெழுத்துப் போட்டேன்.

தளர்வாக விட்டால் உள்ளே எலும்பு ஆடும். அதனால் வலது கையுறையின் பட்டையை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

முதல் சுற்று மணி அடித்ததும் எங்கள் ஊர் மொத்தமும் "டெல்ஃபின், டெல்ஃபின்" என்று கத்தியது. நான் அபிலியோவின் வலது கையை மட்டும் பார்த்தேன். அதைக் கன்னத்தோரம் மடக்கி வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் சண்டை போட்டான். இடது கையால் அடித்தான், இடது கையால் தள்ளினான், இடது தோளால் தடுத்தான். வலது தோளை அவ்வப்போது ஒரு அங்குலம் முன்னால் அசைப்பான், அவ்வளவுதான். டெல்ஃபின் உடனே பின்வாங்கி முகத்தை மூடிக்கொள்வான். வரவே வராத ஒரு அடிக்குப் பயந்து என் தம்பி பாதிச் சண்டையைத் தொலைத்துக்கொண்டிருந்தான். ஆயிரக்கணக்கான பேர் இருந்த அந்த அரங்கில் அது வராது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

இரண்டாவது சுற்றில் டெல்ஃபினின் குத்துகள் அந்த மடக்கிய கையின்மேலேயே விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் மேசையின் விளிம்பைப் பிடித்தேன். வலிக்கிற பல்லின் மேல் நாக்குப் பட்டாலே நமக்கு உயிர் போகும். இவன் உடைந்த எலும்பைக் கேடயமாக நீட்டிக்கொண்டிருந்தான், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன், தைரியம் என்ற வார்த்தையை மாணவர்களிடம் காசு செலவில்லாமல் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி ஜெயிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவள், எந்த இடத்தில் ஜெபத்தை விட்டேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது சுற்றின் கடைசி நிமிடம். டெல்ஃபின் முட்டாள் இல்லை. அந்தக் கை வராது என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டான். அது அவன் தோள் தளர்ந்ததிலேயே எனக்குத் தெரிந்தது. இடது கையைக் கன்னத்திலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் அடிக்க உள்ளே போனான். ஊர் எழுந்து நின்றது.

அப்போது அந்த வலது கை வந்தது.

வேகமாகக்கூட வரவில்லை. முழு உடம்பையும் அதற்குப் பின்னால் வைத்து, என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தே ஒருவன் அனுப்பிய அடி. டெல்ஃபினின் தாடையில் விழுந்த சத்தம் மேசை வரை கேட்டது. தம்பி ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். நடுவர் எண்ணத் தொடங்கினார். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது மாதா கோவிலில் ஒரு அமைதி வருமே, அப்படி அரங்கம் அடங்கியது. எல்லாரும் டெல்ஃபினைப் பார்த்தார்கள். நான் மட்டும் எதிர் மூலையில் கயிற்றில் சாய்ந்து, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் மூச்சுவிடுகிறவனைப் பார்த்தேன். எட்டு எண்ணி முடித்ததும் டெல்ஃபின் எழுந்தான். இருபது வினாடி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்தது.

முடிவு சொல்வதற்கு முன்னால் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். அபிலியோவின் கோச் டாக்டருக்கு முதுகைக் காட்டி நின்று, துண்டை மேலே போட்டு, வலதைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு இறங்கிவந்து இரண்டு கையுறைகளையும் என் முன்னால் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது கையுறைக்குள் என் கையை விட்டேன். நனைந்து, கொதிக்கக் கொதிக்க இருந்தது.

ஐந்து நீதிபதிகளில் மூன்றுக்கு இரண்டு. நடுவர் நீல மூலைக்காரனின் இடது கையைத் தூக்கினார். ஊரிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

டெல்ஃபின் நல்லவன், அது அவனுடைய பெரிய குறை. தோற்ற முகத்தோடு இறங்கிப் போயிருக்கலாம். அவன் நேராக அபிலியோவிடம் போனான், கட்டிப்பிடித்தான், பிறகு அந்த வலது கையை, தன்னைக் கீழே உட்காரவைத்த அந்தக் கையை, மணிக்கட்டுக்கு மேலே இறுகப் பற்றி உயரத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். நான் எழுந்துவிட்டேன். அபிலியோ சிரித்துக்கொண்டேதான் இருந்தான். அவன் முழங்கால்கள் மட்டும் மெல்ல மடங்கின. வணங்குகிறான் என்று நினைத்து எங்கள் ஊர் கைதட்டியது, எங்கள் பையன்கள் யாருக்கும் அப்படித் தட்டியதில்லை. சிரிப்பு மாறாமல் அவன் கண்கள் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்தன.

இறங்கிவந்த டெல்ஃபின் என் மேசையருகே நின்றான். தாடை ஒரு பக்கமாக வீங்கத் தொடங்கியிருந்தது.

"பாத்தியா மானாங்? மூணு ரவுண்டும் ஒளிச்சு வெச்சிருந்தான். நான் நம்பிக் கைய எறக்குனதுக்கு அப்புறம்தான் எடுத்தான். என்ன மூளை பாரேன்!"

"ம்" என்றேன்.

"சரி, கடற்படை போச்சு. லாரிக்காரன்கிட்ட நீயே பேசிடு." சிரிக்கப் பார்த்தான், தாடை விடவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

"லியோனோர், அடுத்த ஜோடி" என்றார் செவெரினோ.

லாவோஸ் பையன் ஒருவன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான். புதுக் கட்டுத்துணி, வெள்ளை வெளேரென்று. அவன் ஒருமுறை தன் கைகளையும், ஒருமுறை என்னையும் பார்த்தான். என் கை இன்னும் அந்த வலது கையுறைக்குள்தான் இருந்தது. சூடு ஆறவில்லை.