அத்தான் உட்காராத காரணம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இழுவைக்காரி என்று பெயர். பேச்சில் இழுவை கிடையாது; எஃகுக் கம்பிகளை இயந்திரத்தில் பூட்டி, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பது அவள் வேலை.

அன்று அக்கா வீட்டுக்காரர் வந்திருந்தார். ஹைட்ரஜன் வாயுவுக்குக் குழாய் விற்கும் கம்பெனியில் மேலாளர். அவருடைய துருப்பிடிக்காத எஃகில் விரல்நீளக் கம்பிகள் இரண்டு. ஒன்று புதிது; மற்றது பத்து நாள் சூடான ஹைட்ரஜனில் அடைபட்டுக் கிடந்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

புதியதை இழுத்தாள். பாகுபோல் நீண்டு, இடுப்பு சிறுத்து, அப்புறம்தான் அறுந்தது.

"பாத்தியா? ரப்பர்!" என்றார் அத்தான்.

"ஹைட்ரஜன் உள்ள போனா ரப்பரும் ரஸ்க் ஆயிடும் அத்தான்."

துணி எடுக்க ஒரு நொடி முதுகு காட்டியவள், திரும்பி வந்து மேசையிலிருந்த கம்பியைப் பூட்டி இழுத்தாள். அதுவும் பாகாய் நீண்டது! துண்டுகளை உற்றுப் பார்த்தாள். நீட்சியை அளக்க ஹைட்ரஜன் கம்பியில் அவள் வைத்திருந்த இரண்டு மைப்புள்ளிகளைக் காணோம். அத்தானோ கூரையில் படம் ஓடுவதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓஹோ, கையோடு கொண்டுவந்த இன்னொரு புதுக் கம்பியை மாற்றி வைத்தாயிற்றா? கதை அப்படிப் போகிறதா?

"ஐயோ, ஹைட்ரஜன் கம்பி எங்கயோ விழுந்துடுச்சு. யாராவது தெரியாம பேன்ட் பின்பையில போட்டு உக்காந்துட்டா..."

"உக்காந்தா?"

"அதை ஏன் கேக்கறீங்க! வாங்க, எங்க மேடம் கூப்பிடறாங்க."

மேடம் நாற்காலியைக் காட்டினார். "பரவால்லங்க, முதுகுப் பிடிப்பு," என்றார் அத்தான். நாற்பது நிமிடம் கொக்குபோல் கால் மாற்றி மாற்றி நின்றார். காபியும் நின்றபடியே. இழுவைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கைக்குட்டையில் சுற்றிய கம்பியை நீட்டினார்.

"கீழ கிடந்துச்சும்மா."

"எதுக்குக் கீழ?"

"...பைக்குள்ள கீழ."

சிரித்தபடி பூட்டினாள். முதல் கம்பி நீண்டதில் பாதிகூட நீளவில்லை. டக்! இடுப்பு சிறுக்கவில்லை, மேலெல்லாம் மயிரிழை வெடிப்புகள். அத்தானின் முகம் மாறிவிட்டது.

"இதுலயா நான் பைப் அனுப்ப இருந்தேன்?" என்றார் மெதுவாக. பிறகு, "ஆமா, உக்காந்திருந்தா வெடிச்சிருக்குமா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது. உள்ள இருக்கறது துளியூண்டு வாயு. உங்களுக்குத்தான் குத்தியிருக்கும்."

"அடிப்பாவி! அக்காகிட்ட சொல்லிடாத."

"அவளுக்கு அப்பவே மெசேஜ் போயாச்சு."

ஆனால் அன்றே அத்தான் வாடிக்கையாளரை அழைத்து, இந்தச் சரக்கு வேண்டாம், நிக்கல் அதிகமுள்ளதைச் சோதித்துத் தருகிறேன் என்றார். அறிக்கையில் உண்மையான எண்களே போயின. அடுத்த மாதம் அந்த நிக்கல் எஃகுக் கம்பி ஹைட்ரஜன் குடித்த பிறகும் நன்றாகவே நீண்டபோது, அத்தான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் தீயணைப்பானோடு ஓடிவந்தார்கள்.