எட்டுக் குழாயும் தகர முறுக்கும்

ஒன்பது நாளாக மழை விடவில்லை. குன்னத்துகால் பெண்கள் சேர்ந்து நடத்தும் உலர்த்துக் கூடத்தில் எழுநூறு ரப்பர் ஷீட்டுகள் ஈரம் வடியாமல் தொங்கின. சிலவற்றில் பூஞ்சையும் பிடித்துவிட்டது.

கூடத்தின் அடுப்பு லிஜாவின் பொறுப்பு. அடுப்புக்கு மேலே எட்டு இரும்புக் குழாய்கள் ஓடின. ஊதுவிசிறி தள்ளும் காற்று அவற்றின் வழியே சூடேறி உள்ளே வரும். கூடத்துக்குள் அறுபது டிகிரி வேண்டும். நாற்பத்தேழுக்கு மேல் வெப்பமானி முள் ஏறவில்லை. எவ்வளவு விறகு போட்டாலும் புகைபோக்கிதான் கொதித்தது. செயலாளர் பிந்து, ஷீட்டுகளை வெள்ளறடை ஊரில் உள்ள கூடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று வண்டிக்குச் சொல்லப் போனாள்.

லிஜாவுக்கு மனசு ஒப்பவில்லை. வெப்பமானியை ஒரு கம்பியில் கட்டிக் குழாய் வாயில் நீட்டினாள். நடுவில் நாற்பத்தாறு காட்டியது. சும்மா ஓரத்துக்கு நகர்த்தினாள். அறுபத்தெட்டு. நம்பாமல் எட்டுக் குழாயிலும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே கதைதான். இரும்பை ஒட்டி வரும் காற்று மட்டும் சுட்டது. நடுவில் வந்த காற்று இரும்பைத் தொடாமலே நேராக ஓடி வந்துவிட்டது.

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் இதைப் பரீட்சைக்காக எழுதியிருக்கிறாள். காற்றைச் சுழல வைத்தால் போதும், நடு ஓரத்துக்கு வரும், ஓரம் நடுவுக்குப் போகும்.

மழையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெல்டிங் பிரதீஷிடம் போனாள். நீளத் தகரப் பட்டைகளைக் கயிறு போல முறுக்கித் தரச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டான்.

"காத்தைக் கறக்கதுக்கு, சுத்த விடதுக்கு ஆக்கும். நீ முறுக்கு."

உச்சிக்கு முன்னால் பிரதீஷும் கூடத்துக்கு வர, எட்டுப் பட்டைகளும் குழாய்களுக்குள் போயின. குழாய் வாயில் எழுபத்தைந்து காட்டியது. ஆனால் கூடம் முன்னைவிடக் குளிர்ந்தது. கை வைத்துப் பார்த்தாள். காற்று மூச்சுத் திணறி வந்தது. முறுக்கு நெருக்கமாகிப் பாதையை அடைத்துவிட்டது. வண்டியோடு வந்து நின்ற பிந்துவின் முகம் சுருங்கியது.

"லிஜா, ஷீட்டை எறக்கட்டா?"

"ரெண்டு மணிக்கூறு தாங்க அக்கா. இதுல காரியம் உண்டு."

பட்டைகளை உருவினார்கள். பிரதீஷ் ஒரு முனையைப் பிடிக்க, லிஜா மறு முனையை எதிர்ப்பக்கம் திருப்பினாள். பத்துச் சுற்று இருந்த இடத்தில் நாலு போதும் என்றாள். கையில் தகரம் கீறியது அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுபடி விசிறி சுழன்றது. இந்த முறை குழாய்கள் உறுமின. காற்று தாராளமாக வந்தது. மூவரும் கூடத்து வெப்பமானிக்கு முன்னால் நின்றார்கள். நாற்பத்தொன்பது. ஐம்பத்துமூன்று. பிந்து ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள். ஐம்பத்தெட்டு. கூடத்தில் புளித்த ரப்பர் வாடை மாறி ஆவி கிளம்பியது. அறுபதைத் தாண்டியதும் பிரதீஷ் தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

"எடி, வெறகு கூட்டிப் போட்டியா?" என்று பிந்து கேட்டாள்.

"ஒரு கட்டைகூட கூட்டல்ல அக்கா."

வண்டிக்காரர் வெறும் வண்டியோடு திரும்பினார். நான்காம் நாள் ஷீட்டுகள் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவக் காய்ந்து இறங்கின. பக்கத்து ஊர்களில் இருந்து ஈர ஷீட்டுகளைத் தலையில் சுமந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லிஜா புதிதாகப் போடப்போகும் அடுத்த குழாய் வரிசைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.