இரண்டா, நாலா

“அந்தக் கை வேண்டாம்” என்றார். காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

நர்ஸ் ஊசியும் பஞ்சுமாகக் கட்டிலருகே நின்றாள். வலது கையில் குத்துவதற்கு இனி இடமில்லை. இடது கையில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நிமிஷம் குடுங்க. யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க” என்று அவர் மனைவி விரல் விரலாகப் பிரித்துக் கட்டையை வாங்கினாள்.

கட்டை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது ஒரு மின்சாரக் கிட்டாரின் கழுத்து. உடம்பு கிடையாது, தந்தி கிடையாது, கழுத்து மட்டும். பின்பக்கம் பென்சிலில் 2 என்று எழுதியிருந்தது. இந்த மாதிரி மொத்தம் ஐந்து. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குழி வெட்டிய மெத்தையில் படுத்திருந்தன. அந்த வீட்டில் மனிதர்களுக்குக்கூட அவ்வளவு நல்ல மெத்தை இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகச் சாப்பிட்டு முடித்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கம்பெனிக் கிட்டாரை வாசிப்பார். மின்சாரக் கிட்டார் என்பதால் பாட்டு முழுக்க அவர் காதுக்குள்ளேயே போய்விடும். வெளியில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது கொசுவலையைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஓய்வு பெற்ற அன்றைக்கு, ‘எனக்குன்னு ஒருத்தர் கையால செஞ்சது ஒண்ணு’ என்று அறிவித்தார். அதற்குப் பிறகு நாலு வருடம் போய்விட்டது, தேடுவதில்.

தனியாளாகச் சின்னப் பட்டறை வைத்துக் கிட்டார் செய்கிறவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும், ஒவ்வொருவரும் இத்தனை கோளாறு பிடித்தவர்கள் என்பதும் அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரியவந்தது. ஒருவர் கறுப்பைத் தவிர வேறு நிறம் அடிக்க மாட்டாராம். இன்னொருவர் ஒரு மணி நேரம் போனில் பேட்டி எடுத்துவிட்டு, ‘நீங்க இன்னும் தயாராகல’ என்று வைத்துவிட்டார். மூன்றாமவர் ஏழு வருடம் காத்திருக்கச் சொன்னார். டாக்டர், ‘மூணு மாசம்’ என்று கையை விரித்திருந்த வாரம் அது. ‘ஏழு வருஷம் கொஞ்சம் சிரமம்’ என்று இவர் மரியாதையாகப் பதில் எழுதினார்.

நாலாவதாகக் கிடைத்தவர் எதையும் கேட்கவில்லை. பெட்டியை அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: ‘ஐந்தும் ஐந்து வாகு. ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்திருங்கள். பேப்பர் படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும். எது பிடிக்கிறது என்று கையைக் கேளுங்கள்.’

“வாசிக்கவே தெம்பு இல்லையேப்பா, இப்ப எதுக்கு?” என்று மகன் கேட்டான்.

“வாசிக்கிறதப் பத்தி இப்ப யாருடா பேசினா? இப்ப எடுக்கிற வேலை நடக்குது” என்றார்.

ஒன்று, மூன்று, ஐந்து என்று மூன்றும் அன்றன்றைக்கே கழிந்துவிட்டன. இரண்டும் நாலும் நின்றன. நின்றன என்றால் பதினாறு நாளாக நின்றன. ‘ரெண்டைக் குடு’ என்பார். கொடுத்தால் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘நாலைக் குடு’ என்பார். தினம் காலை பத்து மணிக்குக் கிட்டார்காரர் போன் செய்வார். ‘ரெண்டா சார், நாலா?’ ‘நாளைக்குச் சொல்றேனே.’ ‘சரி சார், நாளைக்கு.’ இரண்டு பேருக்கும் வேறு ஜோலியே இல்லாத மாதிரி இருக்கும்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தையல்காரி. துணியை விரித்தால் ஒரே ஒரு தடவை அளப்பாள், வெட்டிவிடுவாள். கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆள் அவளுக்கு ஆகாது. ஆனால் வாய்த்தது அப்படி ஒரு ஆள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கடைக்கு ஒரே கால்சட்டையைத் திருத்துவதற்கு மூன்று தடவை கொண்டுவந்தார். முதல் வாரம் அரை அங்குலம் இறக்க வேண்டும். அடுத்த வாரம் அதே அரை அங்குலத்தை ஏற்ற வேண்டும். மூன்றாவது வாரம் திருத்த ஒன்றுமே இல்லை, திட்டி அனுப்பினாள். அதற்கடுத்த வாரம் அவருடைய அக்கா வந்து, “தம்பிக்கு உன்னைப் பிடிச்சிருக்காம்” என்றாள்.

பிடிச்சிருக்காம். முப்பத்துநாலு வருடமாக அந்த ‘ஆம்’ அவள் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. இந்த மனுஷன் தானாக ஒன்றை, இதுதான் எனக்கு என்று எப்போதாவது எடுத்திருக்கிறாரா, இல்லை யாரோ எடுத்துக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டாரா? நேராகக் கேட்டதில்லை. கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பாரோ என்று பயம். இப்போது நேரம் அதிகமில்லை. போவதற்குள் இந்த ஒரு கட்டையையாவது அவர் வாயால் எடுத்துவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

நர்ஸ் போன பிறகு பத்து மணிக்கு வழக்கம்போல போன் வந்தது. அவள் அதை அவர் காதில் வைத்தாள்.

“நாளைக்கு…” என்றார் அவர்.

“தாராளமா சார்.”

அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். “ஏன் தம்பி இப்படி இடம் குடுக்கறீங்க? இன்னைக்குச் சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு ஒரு கெடு வைங்களேன்.”

“எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லைம்மா” என்றார்.

“உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு.”

உள்ளே வந்து நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டை அவர் கையில் வைத்தாள்.

“சொல்லுங்க. இதுவா?”

கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை மேலும் கீழுமாக நகர்த்தினார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பல மாதமாகச் சோற்றுத் தட்டைப் பார்த்தும் மாத்திரையைப் பார்த்தும் சுளித்த முகம் அது.

“நல்லாருக்கு.”

“அப்ப ரெண்டுன்னு சொல்லிடட்டுமா?”

“இரு, இரு. அந்த நாலை இன்னொரு தடவை குடு.”

“உங்களைக் கட்டிக்கிட்டு…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் பெட்டிப் பக்கம் குனிந்தாள். நாலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். முகத்தில் அந்தத் திருப்தி அப்படியே இருந்தது. அவர் கையில் இரண்டு, அவள் கையில் நாலு. மகனைக் கூப்பிடவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், “இந்தாங்க” என்று அதை நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஊரிலிருந்த நாத்தனார் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கடைசியா என் தம்பி என்ன சொன்னான்?” என்று கேட்டாள்.

“நாலைக் குடுன்னாரு, அண்ணி.”

நாத்தனார் கொஞ்சம் பெரிதாக எதிர்பார்த்திருந்தாள். வந்தவர்களிடமெல்லாம், “கடைசி வரைக்கும் நினைவு தெளிவா இருந்துச்சு” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் அடித்தது. வீடு நிறைய ஆட்கள். மனைவிதான் எடுத்தாள்.

“ரெண்டா…” என்று ஆரம்பித்த குரலிடம், “இல்ல தம்பி. நேத்து நீங்க பேசி வச்ச கொஞ்ச நேரத்துல” என்றாள். வரலாமா என்று அந்தக் குரல் கேட்டது.

மத்தியானம் வந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கைவரை மரத்தூள், சட்டைப் பையில் அளவு டேப், காதில் பென்சில். அவசரத்தில் பென்சிலைக்கூட எடுத்து வைக்காமல் வந்திருக்கிறார். வாசலில் நாத்தனாரின் கணவர் சவப்பெட்டிக்காரருக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார். இவரைப் பார்த்ததும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“என்ன மரம் போடறீங்க?”

கிட்டார்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. மரத்தைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் தெளிந்தார். “சார் ஆசைப்பட்டது மகாகனிங்க. கொஞ்சம் கனமா இருக்கும். ஆனா சத்தம் உள்ளயே நின்னு நின்னு வரும்.”

“சத்தம் வருமா?”

“நல்லா வரும். அதுக்குத்தானே செய்றது.”

நாத்தனாரின் கணவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். “சரி, எப்பக் கிடைக்கும்?”

“இப்ப ஆரம்பிச்சா ஆறு மாசம் ஆகுங்க.”

“யோவ், நாலு மணிக்கு எடுக்கணும்யா.”

மகன் ஓடிவந்து விளக்கிச் சொல்லி, கிட்டார்காரரை உள்ளே அழைத்துப் போனான். அவர் உடல் அருகே நின்று கும்பிட்டார். அவருடைய பார்வை முகத்தில் கொஞ்சமும் இடது கையில் அதிக நேரமும் இருந்ததை மனைவி கவனித்தாள். தொழில்காரன் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் வந்தவர்களுடைய சட்டைத் தோள்பட்டைகளைத்தான் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் மெஷின் இருந்த உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினாள். ஐந்தும் அதனதன் குழியில் இருந்தன.

“கொண்டுபோங்க. அடுத்த ஆள் காத்திருப்பாங்க. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும், தம்பி. கையில ரெண்டு இருந்துச்சு. வாய் நாலைக் கேட்டுச்சு. நீங்க எத்தனையோ பேரைப் பாத்திருப்பீங்க. அவர் எதை எடுத்தாருன்னு வச்சுக்கறது?”

கிட்டார்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி காதிலேயே வைத்தார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டும் நாலும் ஒண்ணுதான்.”

“என்ன ஒண்ணு?”

“ஒரே மரம், ஒரே அளவு. ஒரே நாள்ல செதுக்கினது. அஞ்சு வாகுன்னு சீட்டுல எழுதுறதோட சரி, நிஜத்துல நாலுதான். எல்லாப் பெட்டியிலயும் இப்படி ஒரு ஜோடி வைப்பேன். கை பேசுதா, மனசு சும்மா ஏதாவது சொல்லுதான்னு எனக்குத் தெரியணும்ல. முக்காவாசிப் பேரு ஒண்ணு பிரமாதம்பாங்க, அதோட ஜோடி சரியில்லைம்பாங்க. சார்தான் அஞ்சாம் நாளே, இந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே தெரியலையேன்னு தவிச்சாரு. இத்தனை வருஷத்துல இவ்வளவு சரியான கையை நான் பாத்ததில்ல.”

அவள் நம்பவில்லை. மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்தாள். இரண்டையும் நாலையும் வெட்டு மேசையில் கிடத்தி, தலையில், நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் சுற்றி அளந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை இரண்டாம் முறையும் அளந்தாள். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

“பதினாறு நாள்” என்றாள். “குனிஞ்சு குனிஞ்சு எடுத்துக் குடுத்து என் இடுப்பே போச்சு.”

“ஆறாம் நாள் சொல்லத்தாம்மா கூப்பிட்டேன். அவரு, ‘இன்னொரு நாள் வச்சிருக்கேனே’ன்னாரு. அந்தக் குரலைக் கேட்டப்புறம் எனக்கு வாய் வரல. எடுக்கிறது அன்னைக்கே முடிஞ்சுபோச்சும்மா. அதுக்கப்புறம் அவரு சும்மா தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு, அவ்வளவுதான்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திருத்த ஒன்றுமில்லாத ஒரு கால்சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு, திட்டு வாங்குவதற்கென்றே கடைப் படியேறி வந்த ஒருவனை நினைத்தாள். எவ்வளவு மோசமாகத் திட்டியிருந்தாள். ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷன். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். வாசல்பக்கமிருந்து எட்டிப்பார்த்த நாத்தனார், மரக்கடை ஆளிடம் இவளுக்கு என்ன பேச்சு என்ற முகத்தோடு திரும்பிப் போனாள்.

கிட்டார்காரர் ஒன்றையும் மூன்றையும் ஐந்தையும் பெட்டியில் சரிசெய்து வைத்தார். மேசையில் இருந்த இரண்டும் நாலும்தான் பாக்கி.

“இதுல ஒண்ணு நீங்க வச்சுக்குங்கம்மா. நான் வேற செதுக்கிக்கறேன்.”

வெளியில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் எழுந்து செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

அவள் இரண்டை எடுத்தாள். கடைசியாக அவர் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டு நாலை எடுத்தாள். அவர் கேட்டது இது. கேட்டதைக் கொடுக்க முடியவில்லை. பெருவிரலை அதன் முதுகில் மெல்ல மேலும் கீழுமாக நகர்த்தினாள். மரம் வழவழவென்று, எங்கேயும் தட்டாமல் போய்க்கொண்டே இருந்தது.

“அம்மா, வண்டி வந்துருச்சு” என்று மகன் வந்து நின்றான். “எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”

“வரேன்” என்றாள்.

நாலை வைத்துவிட்டு மறுபடி இரண்டை எடுத்தாள். மகன் கிட்டார்காரரைப் பார்த்தான். அவர் பெட்டியின் மூடியை ஒரு கையால் திறந்து பிடித்தபடி, அவசரம் ஏதும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.