மூன்றாம் மாடி இடது வீட்டின் அலைகள்

கார்ப்பரல் எலாதியோ பர்ரோசோ நான்கு மாதக் கடற்பணி முடிந்து தன் கடலோர ஊரான சான் பெர்னாந்தோவுக்குத் திரும்பிய செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவன் வீட்டுத் தரை அலையடித்தது. தண்ணீர் கிடையாது. ஓடு பதித்த தரைதான் கூடத்தில் கிளம்பி, முழங்கால் உயரத்துக்கு எழும்பி, சமையலறைச் சுவரில் போய் மோதித் திரும்பியது. ஒரு ஓடுகூட விரிசல் விடவில்லை. அறுபது வருடம் கடலருகே வாழ்ந்தும் படகில் கால் வைக்காத கீழ்வீட்டு தோன்யா பூரா, தன் கூரைவிளக்கு ஆடுவதைப் பார்த்து வாந்தியெடுத்தாள். அந்த மாதக் குடியிருப்போர் கூட்டத்தின் குறிப்பேட்டில், லிஃப்ட் பழுதுக்கும் படிக்கட்டில் சைக்கிள் நிறுத்துவதற்கும் நடுவில், ‘மூன்றாம் மாடி இடது: அலை’ என்று ஏறியது. எல்லோரும் கண்ணயரும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அலையடிக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அலை அதை ஓரளவு மதித்தது என்றே சொல்ல வேண்டும்.

எலாதியோ எங்கள் ஆள். கடற்படைக் காலாட்படையின் கப்பல் பாதுகாப்புக் குழுவில் எட்டுப் பேர் இருந்தோம். உலகத்திலேயே பழமையான கடற்காலாட்படை எங்களுடையது. ஏறக்குறைய ஐந்நூறு வருடமாகக் கடலில் இருக்கிறோம், பாதிப் பேருக்கு இன்னும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. சோமாலியக் கரைக்கு எதிரே மாவு மூட்டை ஏற்றிய கப்பல்களுக்குத் துணை போவது, கடற்கொள்ளையரோ என்று சந்தேகப்படும்படி மரக்கலம் தென்பட்டால் ரப்பர் படகில் நெருங்கி, கொக்கி ஏணி மாட்டி, முப்பது கிலோவைச் சுமந்து ஏறி, துப்பாக்கியும் கையுமாக மரியாதையோடு நலம் விசாரிப்பது, இவைதாம் வேலை. மேலே போனால் பெரும்பாலும் நான்கு மீனவர்களும் ஒரு ஆடும் இருப்பார்கள். தேநீர் தருவார்கள். இறங்கி வந்ததும் எலாதியோ வானொலியில் தளபதிக்கு அறிக்கை சொல்வான். அறிக்கையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: “விசேஷம் ஒன்றுமில்லை.” எங்கள் படையில் அப்படித்தான். ஆள் கடலில் விழுந்தாலும், தூக்கிவிட்டால் விசேஷமில்லை.

இரண்டாவது பயணத்தில் ஒருநாள் அவன் அந்த வரியைச் சொல்லி வானொலியை வைத்தபோது, அவன் காலடியில் கப்பல்தளம் ஆடாமல் நின்றது. மற்றபடி கப்பல் முழுக்க ஆடியது. அவனைச் சுற்றி நாலடி மட்டும் மாதா கோவில் தரைபோல இருந்தது. அறிக்கைக்கு அறிக்கை அந்த வட்டம் விரிந்தது. அவன் பக்கத்தில் நிற்க முறை போட்டுக்கொண்டோம். சார்ஜென்ட் கல்வாச்சே அவனை ஏணியடியில் நிறுத்தியே எங்களை ஏற்றினார். அங்கே நின்ற ஆட்டம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. காபி சிந்தாமல் குடிக்கிறவனுக்குக் கேள்வி வராது.

அது அவன் வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு விடுமுறையிலும் அலை உயர்ந்தது. அவன் மனைவி லொரேத்தோ மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், நிதானமானவள். பீங்கான் தட்டு உடைந்ததும் தகரத் தட்டு வாங்கினாள், கட்டிலைச் சுவரோடு கட்டினாள். பிள்ளை உண்டாகி இரண்டாம் மாதத்தில்தான் சொன்னாள்.

“இங்க பாரு எலாதியோ. நான் கட்டிக்கிட்டது உன்னை, கப்பலை இல்ல. அடுத்த தடவை நீ வரும்போதும் தரை ஆடுச்சுன்னா, நான் சிக்லானாவுல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். புள்ளையும் அங்கதான் வளரும்.”

சாப்பாட்டுக் கடையில் இறால் வடை தின்றபடி அவன் இதை எங்களிடம் சொன்னபோது எங்களுக்குக் கவலை வந்தது. தளம் மறுபடி ஆடிவிடுமோ என்று.

“அவசரப்படாத மச்சான், பழகிடும்” என்றோம்.

“யாருக்கு?”

“உன் பொண்டாட்டிக்குத்தான்.”

“தரையில நாலு ஆணி அடிச்சுப் பாரேன்டா” என்றார் சார்ஜென்ட். ஒரு குடும்பமா, எட்டு ஜோடி நனையாத பூட்ஸா என்று வந்தபோது, உலகின் மிகப் பழைய கடற்காலாட்படை பூட்ஸின் பக்கம் நின்றது.

அடுத்த தடவை அவன் வந்தபோது பெட்டி கட்டியிருந்தது. லொரேத்தோ வாசலில் நின்று, “எப்படிப் போச்சு?” என்றாள்.

“விசேஷம் ஒண்ணுமில்ல.”

சோபா எழும்பியது. அவள் தரையைப் பார்த்தாள், பிறகு அவன் வாயைப் பார்த்தாள். “திரும்பச் சொல்லு.” சொன்னான். ஃப்ரிட்ஜ் பால்கனிப் பக்கம் நடந்தது.

“நாலு மாசம். ஒண்ணுமேவா நடக்கல?”

எலாதியோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். “ஒரு வெங்காய மூட்டையைக் கைது பண்ணேன்.”

அலை ஒரு சாண் தாழ்ந்தது.

லொரேத்தோ பெட்டிமேல் உட்கார்ந்தாள். “ஓஹோ. இந்த வீட்டு அலையெல்லாம் நீங்க வெளியில சொல்லாம மறைச்ச மானமா? முதல்லேர்ந்து சொல்லு.”

மூன்று நாள் சொன்னான். வெங்காய மூட்டையைப் பார்த்து மூன்று மொழியில் ‘கையைத் தூக்கு’ என்று கத்தியதை. ஏணியிலிருந்து வழுக்கிய எங்களில் ஒருவனை, சோதிக்கப்பட வேண்டிய மீனவர்களே கால்சட்டையைப் பிடித்து மேலே இழுத்ததை. விசாரணைப் படிவத்தை ஆடு தின்றதை; காற்றில் பறந்தது என்று நாங்கள் அறிக்கை கொடுத்ததை. சார்ஜென்ட் தலைக்கவசத்துக்குள் வாந்தியெடுத்து அதையே மறந்துபோய் மாட்டிக்கொண்டதை. ஐந்து வருடத்து விசேஷம். லொரேத்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இரண்டு இடத்தில் அழுதாள். வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தாள். தோன்யா பூராவின் விளக்கு நேராகத் தொங்கியது.

சமையலறை மூலையில் மட்டும், விரலளவு உயரத்தில், ஒரு அலை மிச்சமிருந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு, இல்ல?” என்றாள்.

அவன் தகரத் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனான். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவன் சொல்லாமல் விட்டது, எஞ்சின் நின்றுபோய் உதவி கேட்ட ஒரு சின்ன வெள்ளைப் படகு. அதை நாங்கள் எட்டுப் பேரும், ஒருவேளை கொள்ளையர் வைத்த பொறியாக இருக்குமோ என்று, தூரத்திலிருந்தே தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரம். அன்றைய அறிக்கையின் கடைசி வரியும் அதேதான். மேற்கொண்டு இங்கேயும் எழுதப்போவதில்லை.

அடுத்த பயணத்தில் தளம் எல்லோருக்கும் சமமாக ஆடியது. மூத்த படைக்குரிய கம்பீரத்தோடு வரிசையில் நின்று வாந்தியெடுத்தோம், எலாதியோதான் முதலில். வானொலியில் அவன் ஆட்டைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தான். தளபதி சுருக்கச் சொல்லி உத்தரவு அனுப்பினார்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலைச் சமையலறை மூலையில் போட்டார்கள். ஆட்ட ஆள் தேவைப்படவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த தோன்யா பூரா, யாரும் தொடாமல் தொட்டில் ஆடுவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டாள்.

லொரேத்தோ தட்டில் பிஸ்கட்டை அடுக்கி அவள் முன்னால் வைத்தாள்.

“விசேஷம் ஒண்ணுமில்ல” என்றாள்.