நீந்திப் போகாத கற்கள்

கடல் தஸ்கூரில் பதினோரு மணி நேரம் இருந்தது. அல்னிஃபிலிருந்து ரிஸ்ஸானிக்குப் போகும் பாலைவனச் சாலை மலையை வெட்டிக்கொண்டு வளைகிற இடத்தில் இருக்கும் அந்த ஊருக்கு, விடிகாலைத் தொழுகை முடிந்து ரொட்டி அடுப்பேறும் நேரத்தில் வந்தது. கடை அடைக்கும் நேரத்தில் போனது. இடுப்பளவு ஆழம், நல்ல உப்பு. சாலையின் இரு பக்கமும் இருந்த கல் விற்கும் கடைகளுக்குள் நுழைந்தது, பள்ளிக்கூடத்துக்குள் நுழையவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. சந்தைக்கு ஆடு ஏற்றிய லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கடந்தன. பிறகு சாலைத் துறை வந்து, கடல் கடக்கும் இடம், வேகம் குறைக்கவும் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனது.

கடலைவிட ஊரைக் கலக்கியது வேறு. கடைகளில் இருந்த பூச்சிகள் எழுந்து நீந்திப் போய்விட்டன. பூச்சி என்று தஸ்கூரில் சொல்வது கல்லுக்குள் உறைந்த டிரைலோபைட்டை. முதுகு மூன்று பாத்தியாகப் பிரிந்த, முள்ளும் கொம்பும் வைத்த கடல் உயிர். அந்த மலை கடலடியாக இருந்த காலத்தில் செத்தது. அதை விற்றுத்தான் ஊர் இரண்டு தலைமுறையாகச் சாப்பிடுகிறது. தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்கு அலமாரியைப் பார்த்தார்கள். பூச்சி இருந்த இடத்தில் வெறும் குழியோடு பலகைக் கற்கள் கிடந்தன. எல்லாக் கடையிலும் அப்படித்தான், பாஸுவின் கடையைத் தவிர. பாஸுவின் பூச்சி ஒன்றுகூட அசையவில்லை. மேலிருந்த தூசி மட்டும் போய்ப் பளிச்சென்று இருந்தன.

மூன்றாவது டம்ளர் தேநீர் ஊற்றுவதற்குள் ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. கடலுக்குச் சொந்தமானது கடலோடு போகும். போகாதது கடலுடையது இல்லை. ஆகவே தஸ்கூரில் எல்லோரும் யோக்கியர்கள், பாஸு ஒருவன்தான் போலிக் கல் விற்றவன். இந்தக் கணக்கில் பிழை இருப்பதாக யாருக்கும் படவில்லை. நேற்றுவரை ஒருவர் கல்லை ஒருவர் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தவர்கள், அன்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

பாஸு முப்பது வருஷமாக மலையேறுகிறவன். அங்கே தனக்கென்று ஒதுக்கிய குழியில் கடப்பாரையால் பாறையைப் பெயர்ப்பான், சுத்தியலால் பிளப்பான். பிளந்த முகத்தில் இமை மயிர் அளவுக்குக் கறுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. இரண்டு பாதியையும் பசை போட்டுச் சேர்த்து, ஊசிமுனைக் கருவியால் மேல் கல்லைப் பொடிப்பொடியாக எடுப்பான். ஒரு பூச்சி வெளியே வர ஒரு மாதமும் ஆகும். அதனால் அவன் பூச்சி எல்லாவற்றின் குறுக்கிலும் ஒரு விரிசலும் பசைத் தடமும் உண்டு. இப்போது அந்தத் தடமே சாட்சியானது. உடைத்து ஒட்டிய கல் என்று விரலை வைத்துக் காட்டினார்கள். ஒரு நாள் பாஸுவுக்கே சந்தேகம் வந்து, இருந்ததில் நல்ல பூச்சியைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தான். உள்ளேயும் பூச்சிதான் இருந்தது. ஒரு பூச்சி குறைந்ததுதான் மிச்சம்.

எதிர்க்கடை மிமூனுடையது. பாஸுவின் மனைவி இட்டோவுக்கு அண்ணன். முழங்கால் வலி என்று மிமூன் மலையேறுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் ஊரிலேயே அதிகப் பூச்சி அவன் கடையில்தான் இருந்தது, அதிலும் முள் அதிகமான பூச்சி. கடைக்குப் பின்னால் பூட்டிய அறை ஒன்று இருந்தது. உறவுக்குள் அதைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை என்பதால் பாஸு கேட்டதில்லை.

காலி அலமாரிகளால் ஊர் செழித்தது. பூச்சி நீந்திப் போன குழி என்று சொல்லி வெறும் பலகைக் கல்லை விற்றார்கள். வெளிநாட்டார் முழுப் பூச்சிக்குத் தராத விலையைக் குழிக்குத் தந்தார்கள். குழிகள் தீர்ந்தபின் புதுக் குழிகள் வந்தன. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. தலைநகரிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து, ஆதி உயிர்கள் ஆதிக் கடலை அடையாளம் கண்டுகொண்டன என்று எழுதிக் கொடுத்தார். அது பெரிதாக அச்சாகி எல்லாக் கடை வாசலிலும் தொங்கியது. நீந்திப் போனவற்றில் பின்தங்கிய சில பூச்சிகள் பாசனத் தொட்டியில் திரிந்தன. பெண்கள் துணி துவைக்கும்போது அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் துவைத்தார்கள்.

பாஸுவிடம் யாரும் கல் வாங்கவில்லை. ஊர்ப் பொது ரொட்டி அடுப்பில் இட்டோவின் தட்டைக் கடைசியில் வைத்தார்கள். பிறகு கல் வியாபாரிகள் கூட்டுறவுத் தலைவர் மோஹா முறைப்படி சொல்லி அனுப்பினார்: போலி விற்றவனுக்கு மலையில் குழி கிடையாது, கடையும் கிடையாது. மறுப்பதானால் வழக்கப்படி மறுக்கலாம். வழக்கம் என்பது, வெள்ளிக்கிழமை மலையடிவாரத்தில் அடங்கிய இறைநேசப் பெரியவர் சமாதியில் பத்து உறவுக்காரர்கள் கூட நின்று, இவன் சொல்வது மெய் என்று சத்தியம் செய்வது. ஆள் குறைந்தால் சொல் பொய். குற்றம் சாட்டப்பட்டவன் தனியாக எவ்வளவு பேசினாலும் அது பேச்சே இல்லை.

பாஸு வீடு வீடாகப் போனான். எல்லோரும் உட்காரவைத்து, பேரீச்சம்பழம் வைத்து, அன்பாகப் பேசி அனுப்பினார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு எர்ராஷிதியாவில் கல்யாணம். சித்தப்பா மகன் மட்டும் உள்ளதைச் சொன்னான். "உன் கல்லு நெசம்னு நான் சத்தியம் பண்ணா, நீந்திப்போன என் கல்லு என்னன்னு கேப்பாங்களே, பாஸு."

வியாழக்கிழமை இட்டோ, கணவனிடம் சொல்லாமல், அண்ணன் கடைக்குப் போனாள். எப்போதும் பூட்டியிருக்கும் பின்னறை அன்று திறந்திருந்தது. மிமூன் ஒரு பலகைக் கல்லில் உளியால் வழவழப்பாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். முகம் துக்க வீட்டில் இருப்பவன் முகம்போல இருந்தது.

"என்ன அண்ணே, யோக்கியன்னு பேரு வாங்கினவன் மூஞ்சியா இது?"

"வெறும் பள்ளம் தோண்டிட்டு உக்காந்திருக்கேன். இதுக்கு ஒரு முள்ளு உண்டா, கண்ணு உண்டா? எந்தக் கழுதையும் தோண்டும்."

"கழுத தோண்டினாலும் காசு வருதுல்ல?"

"காசு வருது," என்றான், பல்வலியைச் சொல்வதுபோல.

இட்டோ அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். புருஷனைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சத்தான் வந்திருந்தாள். கெஞ்சவில்லை. நாளைக்குப் பேராசிரியர் தொட்டியிலிருந்து ஒரு பூச்சியை எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டப்போகிறாராம், வேடிக்கை பார்க்கவாவது வா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை சமாதி முன்னால் பாஸு தனியாக நின்றான். ஊர் முழுவதும் எதிரில் நின்றது. இடுப்பு வலிக்காரரும் வந்திருந்தார், எர்ராஷிதியாக் கல்யாணமும் முடிந்திருந்தது. மோஹா ஆள் எண்ணினார், எண்ணுவதற்கு யாரும் இல்லை. பேராசிரியர் பாஸுவின் பூச்சியைக் கையில் தூக்கி, விரிசலையும் பசையையும் காட்டி, இது மனிதக் கை பட்ட பொருள் என்றார். பிறகு பக்கத்திலிருந்த நீல பிளாஸ்டிக் வாளிக்குள் கையை விட்டு, சொட்டச் சொட்ட ஓர் உயிருள்ள பூச்சியை எடுத்தார். அது கால்களை அடித்துக்கொண்டது. மூன்று வரிசை முள், முன்னால் சூலம்போலக் கொம்பு, கண்ணில் தேன்கூடு போன்ற அடுக்கு. கூட்டம் பெருமூச்சு விட்டது. பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். இந்த முள்ளைப் பாருங்கள், இந்தக் கண்ணைப் பாருங்கள். இப்படி ஒன்றைச் செய்ய எந்த மனிதனாலும் முடியாது, இன்னும் ஆயிரம் வருஷம் பழகினாலும் முடியாது என்றார்.

கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இட்டோ திரும்பிப் பார்க்கவில்லை. மிமூன் முழங்கால் வலியை மறந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். பேராசிரியர் கையிலிருந்து பூச்சியை வாங்கி, பழக்கப்பட்டவன் பிடிப்பதுபோல வயிற்றுப் பக்கமாகப் பிடித்தான். அது கால் அடிப்பதை நிறுத்தியது. மோஹா, பேசுவதானால் சமாதிமேல் கை வைத்துப் பேசு என்றார். மிமூன் இடது கையைக் கல்லின்மேல் வைத்தான்.

"முடியாதுங்கிறாரு. முடியாதாம். இது நான் செஞ்சது. பசையும் கல்லுப் பொடியும் குழைச்சு, பின்னாடி ரூம்ல ஒக்காந்து நான் செஞ்சது. நீந்திப்போன அத்தனையும் நாங்க செஞ்சது. எங்க மச்சான் கல்லுதான் நெசம். அது எப்பவோ செத்துப்போச்சு, அது எப்படி நீந்தும்?"