உப்பு நனைந்ததா என்று கேட்டவள்

வடக்கனந்தல் சின்னக்கண்ணு கடையில் யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. மலையிலிருந்து புளி வந்தால் கொட்டை ஜாஸ்தி என்று சின்னக்கண்ணு முகத்தைச் சுளிப்பார். புளி கொண்டுவந்தவர் கடை உப்பை ஒரு கல் எடுத்து நக்கிப் பார்த்து, மண் கலந்திருக்கிறது என்று துப்புவார். அரைமணி நேரம் இப்படி ஒருவர் சரக்கை ஒருவர் திட்டிவிட்டு, இரண்டு பேருமே ஏமாந்துபோனதாகப் புலம்பிக்கொண்டு, மனசுக்குள் சிரித்தபடி பிரிவார்கள். எவ்வளவு திட்டுகிறார்களோ அவ்வளவு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பாராட்டிவிட்டுப் போகிறவன் வாங்குகிற ஆளே இல்லை.

இந்தக் கடையின் சாக்குகளுக்கு நடுவே வளர்ந்த சின்னக்கண்ணுவின் மகள் கொளஞ்சியம்மாள், கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தமிழிலக்கியம் முதலாண்டு சேர்ந்தாள். கட்டுரைப் பயிற்சி வகுப்பு எடுத்த விரிவுரையாளர் இளஞ்செழியன் ஒரு மழைப் பாட்டைக் கொடுத்து, படித்து உணர்ந்ததை எழுதி வரச் சொன்னார். கொளஞ்சிக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று நாள் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினாள். நாலாவது வரி சும்மா இடத்தை அடைக்கிறது. இடிக்கு யானையைச் சொல்வது ஊரெல்லாம் அடிபட்ட உவமை. மழையை இவ்வளவு நேரம் பெய்யவிட்டிருக்க வேண்டாம். இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

'வைத்துக்கொள்ளலாம்' என்பது அவர்கள் வீட்டில் உச்சகட்டப் புகழ்ச்சி. அது இளஞ்செழியனுக்கு எப்படித் தெரியும்? கத்திரிக்காயைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்குகிற வாத்தியார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இருபதுக்கு நாலு போட்டு, ஓரத்தில் 'ரசனை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, கூடவே ஒரு படிவத்தையும் நீட்டினார். வணிகவியலுக்கு மாற விரும்புவோருக்கான படிவம்.

“உன் வீட்டுத் தொழிலுக்கும் அதுதாம்மா பொருத்தம்,” என்றார்.

மாத முடிவுவரை அவகாசம் இருந்ததால் இன்னொரு பாட்டைக் கொடுத்தார். அடுத்த கட்டுரையும் இதே லட்சணத்தில் இருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். தியாகதுருகத்துத் தமிழழகன் பின்பெஞ்சிலிருந்து, இவள் பாட்டையும் தராசில் வைத்துத்தான் படித்திருப்பாள் என்றான். வகுப்பு சிரித்தது. கொளஞ்சி படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். வணிகம் படிக்கக் கள்ளக்குறிச்சி எதற்கு? வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவளுக்கு வேண்டியது பாட்டு.

இரண்டாவது பாட்டு பதினோரு வரி. உப்பு வண்டிகள் ஊர் திரும்புகின்றன. வாசலில் நிற்கும் ஒரு பெண் வண்டிக்காரனிடம் ஒவ்வொன்றாக விசாரிக்கிறாள். உப்பு நனைந்ததா, அச்சு முறிந்ததா, வெள்ளை எருதின் கால் தேறியதா, வண்டிக்கு அடியில் ஓடிவந்த நாய்க்குச் சோறு கிடைத்ததா. அவனும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். கடைசி வரி: 'அவன் போனான், நான் நின்றேன்.' அவ்வளவுதான். முந்தைய வருஷத்து மாணவர்களின் நோட்டுகளிலெல்லாம், இப்பாடல் பண்டைத் தமிழரின் உப்பு வாணிப வளத்தைக் காட்டுகிறது என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது. அப்படியே எழுதினால் கொளஞ்சி பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டில் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

அது எண்பத்தேழாம் வருஷம். புரட்டாசி பிறந்த அன்று இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு என்று அறிவித்திருந்தார்கள். வெட்டிய மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் கிடையாது, கல்லூரி கிடையாது. ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்கு இத்தனை சதவீதம் வேண்டும் என்று எண்ணைச் சொல்லியே கோஷம் போட்டார்கள். கடைவாசலில் நின்று பார்த்த சின்னக்கண்ணு ஆச்சரியம் தாங்காமல் மகளிடம் கேட்டார்.

“இன்னாம்மா இது, வேணுங்கறதை இப்படிப் பட்டுனு கேட்டா எவன் குடுப்பான்?”

மறியலின் மூன்றாம் நாள், கல்வராயன் மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையாகவே இறங்கி, தலையில் கடுக்காய் மூட்டையோடு இருசம்மாள் வந்தாள். மாதம் ஒருமுறை வருகிற வாடிக்கைக்காரி. வேறு வியாபாரமே இல்லாததால் சின்னக்கண்ணு உற்சாகமாகக் கடுக்காயைத் திட்டினார். அவளும் சளைக்காமல் திட்டு வாங்கி முடித்து, எதிர்ச்சரக்குக்கு விலை கேட்க ஆரம்பித்தாள். உப்பு, கருவாடு, தாம்புக்கயிறு, மண்வெட்டிக் காம்பு என்று அலமாரியில் ஒன்றைக்கூட விடவில்லை. அவள் தலைக்கு நேராக ஒரு நீல அரிக்கேன் விளக்கு தொங்கியது. அதை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு நின்றாள்.

சின்னக்கண்ணு மெதுவாக, “அரிக்கேன் வேணுமா, இருசம்மா?” என்றார்.

“அது யாருக்கு வேணும்? மூடிகிட்ட ஒரு நசுங்கல் கீது, திரி அரை விரக்கட கூட இல்ல.”

பார்க்கவே பார்க்காத விளக்குக்குத் திரியின் அளவு வரை சொல்லிவிட்டாள். சின்னக்கண்ணு மீசைக்குள் சிரித்தார். சாக்கின்மேல் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த கொளஞ்சி சிரிக்கவில்லை. அவள் பார்வை இருசம்மாளிடமிருந்து புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து இருசம்மாளுக்கும் போய்ப்போய் வந்தது. இது அவள் பிறந்ததிலிருந்து தினம் பார்க்கிற கூத்துதான். ஆனால் அதையே ஒருத்தி பாட்டுக்குள் நின்று செய்துகொண்டிருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. எழுந்து உள்ளே போனவள், மறியல் முடியும் வரை கடைப்பக்கம் வரவே இல்லை.

பஸ் ஓடத் தொடங்கிய பிறகு முதல் வகுப்பிலேயே கொளஞ்சி எழுந்து கட்டுரையைப் படித்தாள். இது உப்பைப் பற்றிய பாட்டே அல்ல என்பது முதல் வாக்கியம். இவள் காத்திருப்பது வண்டியோடு போன தன் மனிதனுக்காக. நாயைப் பற்றிக்கூட விசாரிக்கிறவள் அவனை மட்டும் விசாரிக்கவில்லை என்பதுதான் இந்தப் பாட்டு.

இளஞ்செழியன் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒன்பது வருஷமாக வாணிப வளம் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்.

“இது உன் ஊகம். பாட்டில் எங்கேயாவது அவன் வருகிறானா?”

“வரலீங்க ஐயா.”

“பிறகு?”

“வண்டிக்காரன் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டான் ஐயா. உப்பு நனையல, அச்சு முறியல, மாடு தேறிடுச்சு. உப்புக்காக வந்தவளா இருந்தா அதோட வூட்டுக்குள்ள போயிருப்பா. ஆனா கடைசி வரியில நின்னுகினே இருக்கிறா. கேட்டதெல்லாம் கெடச்ச பிறகும் ஒருத்தி கடையை வுட்டு நகரலைன்னா, அவ வாங்க வந்தது வேற.”

வகுப்பில் சிலர் புத்தகத்தைத் திறந்து கடைசி வரியைத் தேடினார்கள். தமிழழகன் விடவில்லை. “புருசனைப் பத்தி நேரா கேட்டா இன்னா, வண்டிக்காரன் கடிச்சிடுவானா?”

கொளஞ்சி திரும்பி அவனைப் பார்த்தாள்.

“கேட்டா பதில் சொல்லிடுவான்ல. அந்தப் பதிலுக்குத்தான் அவளுக்குப் பயம்.”

இளஞ்செழியன் புத்தகத்தை எடுத்துப் பதினோரு வரியையும் சத்தமாகப் படித்தார். நாய்க்குச் சோறு கிடைத்ததா என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

“பதினாறு போடுகிறேன். சரிதானே?”

வீட்டு வழக்கப்படி, பதினாறு கம்மி என்று முகத்தைச் சுளித்து, பத்தொன்பதில் ஆரம்பித்து, பதினெட்டில் படிய வேண்டிய இடம் இது. வாய்வரைக்கும் வந்ததைக் கொளஞ்சி விழுங்கினாள்.

“மார்க்கு எவ்ளோ வேணா போடுங்க ஐயா. நான் இந்த வகுப்பிலேயே படிக்கணும். எனக்கு அதுதான் வேணும்.”

பட்டென்று கேட்டுவிட்டாள்.

இளஞ்செழியன் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இரண்டாகக் கிழித்து மேசை ஓரம் வைத்தார். இருபதுக்குப் பதினெட்டு என்று போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு வகுப்பைப் பார்த்து, வாணிப வளம் என்று எழுதியிருப்பவர்கள் அந்தப் பக்கத்தை அடித்துவிடலாம் என்றார். நாற்பது பேனாக்கள் கரகரவென்று ஓடின.

“புது உரை எழுதிக்கொள்ளுங்கள். கொளஞ்சியம்மாள் சொல்வாள்.”

அவர் மேடையிலிருந்து இறங்கி, முதல் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார். கொளஞ்சி மேடை ஏறினாள். முதல் வாக்கியத்தைச் சொல்லி, இரண்டாவதையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள்.

“ஏம்மா, கொஞ்சம் மெதுவா சொல்லு,” என்றான் தமிழழகன், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “எழுதிக்கினு இருக்கோம்ல.”

அவள் மெதுவாகச் சொன்னாள்.